எடுத்த இடம்: வால்பாறை

அத்திம்பேரிடம் ஒரு மாம்பழத்தைக் கொடுத்தால் உடனே சாப்பிட மாட்டார். எந்த ஊர் என்று கேட்பார். ரத்னகிரி என்று சொன்னால் போதாது. ரத்னகிரியில் எந்தத் தாலுகா, எந்தத் தோப்பு, கடல் பக்கமா மலைப் பக்கமா என்று செம்பூர் ஸ்டேஷன் வாசலில் கூடை வைத்திருக்கும் பழக்காரரைக் குடைந்தெடுப்பார். அந்த மனிதர் பாவம், விடியற்காலையில் வாஷி மார்க்கெட்டுக்குப் போய்ச் சுமந்து வந்தவர். வாஷியில் எடுத்தது, அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று அவர் உண்மையைச் சொல்லிவிட்டால் அத்திம்பேருக்கு அவர்மேல் ஒரே மரியாதை. ரத்னகிரி என்று அடித்துச் சொல்கிறவரிடம் வாங்கவே மாட்டார். எங்கள் வீட்டு மாம்பழ சீசன் முழுவதும் இப்படி ஊர் தெரியாத பழங்களோடேயே கழிந்தது.

அவர் என் அக்காவின் கணவர். பாந்திரா பக்கம் எனக்கு ஆபீஸ் வேலை கிடைத்தபோது, தனியாக ரூம் எல்லாம் பார்க்கவேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். செம்பூரில் அவர்கள் இரண்டு பேர் இருந்த ஃப்ளாட்டில் மூன்றாவதாக நானும் போய் ஒட்டிக்கொண்டேன். அத்திம்பேர் கோட்டைப் பக்கம் ஒரு சரக்குக் கப்பல் கம்பெனியில் இருந்தார். எந்தப் பெட்டி எந்தத் துறைமுகத்தில் ஏறியது என்று சரிபார்ப்பதுதான் அவர் வேலை. வேலையால் இந்தப் புத்தி வந்ததா, இந்தப் புத்தியைப் பார்த்து அந்த வேலையைக் கொடுத்தார்களா என்பது எங்கள் குடும்பத்தில் இன்னும் தீராத வழக்கு.

வீட்டில் எதைத் தூக்கினாலும் அடியில் ஒரு சின்னக் காகிதச் சீட்டு இருக்கும். குடைக்குள் "தாதர் ஸ்டேஷன் வெளியே, மழைக்கு நடுவில் வாங்கியது". விபூதி டப்பாவில் "பழனி, பக்கத்து ஃப்ளாட்டார் கொடுத்தது". அக்காவின் கல்யாணப் புடவைக்குள் "காஞ்சிபுரம் என்று கடைக்காரர் சொன்னது, நேரில் பார்க்கவில்லை". இந்தக் கடைசிச் சீட்டைப் பார்த்துவிட்டு அக்கா அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கும் இடம், தேதி போட்டு எங்காவது சீட்டு வைத்திருப்பார் என்று நான் சொன்னேன். அதற்காக என்னோடும் பேசவில்லை.

அவரையே யாராவது எந்த ஊர் என்று கேட்டுவிட்டால் இன்னும் வேடிக்கை. மாட்டுங்கா கோயில் பக்கம் பாலக்காட்டு மனிதர்கள் இதைக் கேட்காமல் யாரையும் விடமாட்டார்கள். எந்த கிராமம், யாராத்துப் பிள்ளை என்று தோண்டித் தோண்டிக் கேட்பார்கள். அத்திம்பேர் அசையவே மாட்டார்.

"எங்க அப்பாக்குப் பாலக்காடு. என்னைக் கிட்டினது செம்பூர்லயாக்கும்" என்பார்.

தன்னையும் யாரோ ஒருவர் தரையிலிருந்து பொறுக்கி எடுத்த மாதிரிதான் சொல்வார். ஏனென்றால் அவருக்கு உலகமே பொறுக்கி எடுக்கிற விஷயம். அவர் நத்தை ஓடு சேர்க்கிறவர். கடற்கரையில் கிடைக்கிற சிப்பி, சங்கு எல்லாம் இல்லை. அதையெல்லாம் ஷோகேஸ் சாமான் என்று ஒதுக்கிவிடுவார். மழைக்காலத்தில் சுவரிலும் செடியிலும் ஊர்ந்துவிட்டு, வெயில் வந்ததும் எங்கேயோ செத்துப்போகும் தரை நத்தைகள் விட்டுப்போன ஓடுகள்தான் அவருக்கு வேண்டும். சுண்டைக்காய் அளவில் இருந்து கொட்டைப்பாக்கு அளவு வரை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் காம்பவுண்டுச் சுவரடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் புது வாட்ச்மேன்கள், ஐயா எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு கூடவே தேடுவார்கள்.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். உயிருள்ளதைத் தொடக்கூடாது. காலி ஓடு மட்டும்தான். இது அவர் சட்டமா அக்காவின் சட்டமா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. மாமிசம் நுழையாத வீட்டுக்குள் ஓடு வரலாம், உள்ளே இருந்த ஆசாமி வரக்கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே அக்கா சொல்லியிருந்தாள். அதனால் ஒவ்வொரு ஓட்டையும் அத்திம்பேர் காதருகில் வைத்து ஆட்டிப் பார்ப்பார், மூக்கருகில் வைத்து மோந்து பார்ப்பார். ஆடவில்லை, நாறவில்லை என்றால் கழுவித் துடைத்து, பஸ் டிக்கெட் அளவு வெட்டிய அட்டையில் கோந்து தடவி ஒட்டுவார். அட்டையில் எடுத்த இடத்தையும் தேதியையும் எழுதுவார். சீட்டு இல்லாத ஓடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அவருக்குக் குப்பைதான்.

இப்படிப்பட்ட மனிதர் உலகத்தில் ஒருத்தர் இருப்பதே அதிகம் என்று நான் நினைத்திருந்தேன். ஐந்து பேர் இருந்தார்கள். எப்போதோ ஒரு மாதப் பத்திரிகையில் வந்த வாசகர் கடிதம் மூலமாக ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துக்கொண்டவர்கள். நேரில் பார்த்ததே கிடையாது. பேர்கூடக் கிடையாது, கடிதத்தின் அடியிலும் விலாசத்திலும் கதவு எண்ணோடு ஊரைத்தான் எழுதுவார்கள். ஓட்டுக்கு ஊர்தான் முக்கியம், பொறுக்கினது யாராக இருந்தால் என்ன என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. அதனால் எங்கள் வீட்டில் காலை காபி நேரத்துப் பேச்சு விநோதமாக இருக்கும். திண்டுக்கல்லுக்கு முட்டிவலியாம், இந்த வருஷம் மலை ஏறமாட்டாராம் என்பார். நாகர்கோவில் கோவித்துக்கொண்டிருக்கிறார், பதில் போடவில்லை என்பார். பொன்னேரிக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள் என்று அக்காவிடம் சர்க்கரை கேட்டு வாங்கி வாயில் போட்டுக்கொள்வார். இவர்களுக்கு நடுவில் இவர் செம்பூர்.

எல்லோருக்கும் கையில் செல்போன் இருக்கிறதே என்று நான்தான் அவர்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு தொடங்கிக் கொடுத்தேன். அதிலும் ஊர்ப் பேரில்தான் சேர்ந்தார்கள். ஒரு மாதம் ஓடியது. நாகர்கோவில் தினமும் காலையில் தாமரைப்பூ படத்தோடு வணக்கம் அனுப்பினார், திண்டுக்கல் முட்டிவலிக்கு வைத்தியம் அனுப்பினார். அத்திம்பேர் ஒருநாள் போனை மேஜைமேல் வைத்துவிட்டு, இதில் மோந்து பார்க்க முடியவில்லை என்றார். மறுநாளே ஐந்து பேரும் தபாலுக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஐந்து பேரில் அத்திம்பேருக்கு ரொம்பவும் பிடித்தவர் வால்பாறை. மற்றவர்கள் சீட்டில் ஊரோடு நிறுத்திக்கொள்வார்கள். வால்பாறை மட்டும் "குவார்ட்டர்ஸ் பின்புறம், துணி துவைக்கும் கல்லிலிருந்து இடது பக்கம், சுவரின் ஈரமான பகுதி" என்று எழுதுவார். அதைப் படித்துவிட்டு அத்திம்பேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார். காதல் கடிதம் வந்தால்கூட ஒரு மனிதர் அவ்வளவு உருகுவாரா என்பது சந்தேகம். அக்கா, என்னவாம் வால்பாறைக்கு என்று சமையலறையிலிருந்து கொஞ்சம் புளிப்பாகத்தான் கேட்பாள்.

மார்ச்சு மாதத்தில் வால்பாறையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. துவைக்கும் கல் பக்கத்தில் கிடைத்த கொட்டைப்பாக்கு அளவு ஓடு ஒன்று, பளபளவென்று இருந்தது. அத்திம்பேர் ஆட்டினார், மோந்தார், ஒட்டினார். சீட்டு எழுதிப் பெட்டிக்குள் வைத்தார். பழைய மிட்டாய்ப் பெட்டிகள்தான் அவருடைய பெட்டகம். அந்த வருஷம் நவராத்திரியில்தான் எல்லாம் நடந்தது.

கொலுவுக்குக் கடைசிப் படி கட்ட அக்காவுக்கு ஏதோ குறைந்தது. அத்திம்பேர் ஆபீஸில் இருந்தார். அவருடைய மிட்டாய்ப் பெட்டிகள் ஒரே உயரத்தில், ஒரே அளவில் அலமாரி நிறைய இருந்தன. அடுக்கி மேலே வேஷ்டியைப் போர்த்தினால் எவ்வளவு லட்சணமான படி! அதற்குக் கீழே தரையில் பார்க் கட்டினாள். பார்க்குக்கு நடுவில் தெப்பக்குளம். குளத்துக்கு வைத்த அலுமினியத் தட்டில் பொட்டு ஓட்டை இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. தண்ணீர் மெல்ல மெல்லக் கசிந்து அந்தக் கடைசிப் படியின் பெட்டிகளை நனைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடம் நிறைய மாமிகள். ஒருத்தர் பாடிக்கொண்டிருந்தார். மாடிவீட்டு மாமி சுண்டல் தொன்னையும் கையுமாகக் கொலுவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவின் முழங்கையைத் தொட்டு, இந்த பொம்மை புதுசா, பேட்டரியா, மாட்டுங்காவில் எந்தக் கடை என்று விசாரித்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். செட்டியார் பொம்மையின் கடைக்கு முன்னால் ஒரு நத்தை நின்றுகொண்டிருந்தது. இரண்டு கொம்புகளையும் நீட்டி, பருப்பு விலை கேட்பதைப்போல் செட்டியாரையே பார்த்துக்கொண்டிருந்தது. முதுகில் அட்டை. அட்டையில் அத்திம்பேரின் முத்து முத்தான கையெழுத்தில் "எடுத்த இடம்: வால்பாறை". மாமி பேட்டரி எங்கே இருக்கிறது என்று பார்க்க விரலால் தொட்டார். நத்தை கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு பாட்டு நின்றது. சுண்டல் சோபாவுக்கு அடியில் எல்லாம் போயிருந்ததை மறுநாள் நான்தான் பெருக்கினேன்.

அத்திம்பேர் ஆபீஸிலிருந்து வந்தபோது கூடம் காலியாகி, அக்கா மட்டும் கொலு முன்னால் நின்றிருந்தாள். அவர் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, செட்டியாருக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், "உசிரோட இருக்கே" என்றார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அடுத்த நிமிஷமே அந்த முகம் மாறியது. ஈரம் படும்வரை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஜீவனை மார்ச்சிலிருந்து கோந்து போட்டு ஒட்டி வைத்திருந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெதுவெதுப்பான தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டு வைத்து அட்டையைப் பிரித்தெடுத்தார்.

நான் சுலபமாக யோசித்தேன். கீழே தோட்டத்தில் விட்டுவிடலாமே என்றேன். அவருக்கு அது காதாலேயே கேட்கக்கூடாத பேச்சு. ஓர் ஊர் நத்தையை இன்னோர் ஊரில் விட்டால் அந்த ஊர் நத்தைகளின் கதி என்ன ஆகும், செடிகளின் கதி என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, சேர்க்கிறவர்கள் செய்யவே கூடாத பாவம் அது என்றார். தபாலில் அனுப்பினால் வழியில் செத்துப்போகும். கொல்ல முடியாது. வைத்துக்கொள்ளவும் முடியாது. மிச்சம் ஒரே வழிதான் இருந்தது.

"நேர்ல கொண்டுபோய் விட்டுட்டு வரேன்" என்றார்.

அக்கா சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்காது. நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நின்றாகிவிட்டது, இனிமேல் இந்த வீட்டில் இது வேண்டாம் என்று ரொம்பவும் தணிந்த குரலில் சொன்னாள். நத்தையோடு எல்லாப் பெட்டிகளையும் எடுத்துப்போய் வால்பாறையிடமே கொடுத்துவிட வேண்டும். அதன்பிறகு பார்சலும் வரக்கூடாது, கடிதமும் போகக்கூடாது. சரி என்றுவிட்டார் அத்திம்பேர். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம். அவர் பேசாமல் ஒவ்வொரு ஓட்டையும் பஞ்சில் சுற்றி இரண்டு சூட்கேஸில் அடுக்கினதைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நத்தைக்கு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று தயாரானது. ஓடுகளைப் பார்சல் கட்டும்போதெல்லாம் செய்வதைப்போலவே கீழே பாதாம் மரத்தடிக்குப் போய்க் காய்ந்த இலையும், காம்பவுண்டுச் சுவரிலிருந்து கொஞ்சம் பாசியும் எடுத்து வந்து மெத்தை போட்டார். அக்காவும் கூட வருவதாகச் சொன்னாள். இவர் பாதிப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார் என்று அவளுக்குச் சந்தேகம். இரண்டாவது சூட்கேஸைத் தூக்க நான்.

குர்லாவில் கோயம்புத்தூர் வண்டி ஏறினோம். எதிர் சீட்டில் தாராவிக்காரர் ஒருவர், கல்லிடைக்குறிச்சியில் கோயில் கொடைத் திருவிழா என்று போய்க்கொண்டிருந்தார். நேர் வண்டியில் டிக்கெட் கிடைக்கவில்லையாம், கோயம்புத்தூர் போய் மாறவேண்டும் என்று சலித்துக்கொண்டார். மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்திம்பேரைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, உள்ளே என்ன என்று கேட்டார். அத்திம்பேர் ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கேட்டு முடித்தார்.

"ஒத்த நத்தைக்கு மூணு பேரு டிக்கெட்டு எடுத்திருக்கிய" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "மூடிய நல்லாத் தொறந்து வையும், மூச்சு முட்டப் போவுது" என்றார்.

அதிலிருந்து அவர்தான் டப்பாவுக்குக் காவல். யாராவது பக்கத்தில் பை வைத்தால் சண்டைக்குப் போனார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, இதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் வந்தாள். ஆனால் சாலட்டுக்கு என்று அவள் எடுத்து வந்த வெள்ளரிக்காய் குறைந்துகொண்டே வந்ததை நான் கவனித்தேன். சோலாப்பூர் தாண்டி அத்திம்பேர் பாத்ரூம் போயிருந்தபோது டப்பாவுக்குள் பாட்டில் மூடியால் தண்ணீர் தெளித்தாள். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, வெயில் எப்படிக் கொளுத்துகிறது பார் என்றாள்.

பொள்ளாச்சியிலிருந்து பஸ் மலை ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் அத்திம்பேர் டப்பாவைத் தூக்கி ஜன்னலருகே காட்டினார். அதற்குச் சொந்த ஊர்க் காற்று படட்டும் என்று. மழைத்தூறலும் மூடுபனியுமாக இருந்தது வால்பாறை. வருகிறோம் என்று பழைய வாட்ஸாப் குழுவில் நான் ஒரு வரி போட்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் குடையோடு ஒரு பெண்மணி எங்களைப் பார்த்துக் கையசைத்தார். நாற்பது வயது இருக்கும். எஸ்டேட் ஆபீஸில் கணக்கு வேலை, கணவருக்குப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் வேலை. "செம்பூருங்களா? நான் வால்பாறைங்க" என்று அவர் சொன்னபோது அத்திம்பேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இத்தனை வருஷக் கடிதத்தில் அது ஆணா பெண்ணா என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, கேட்கவேண்டும் என்றும் தோன்றியிருக்கவில்லை. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் அந்தப் பெண்மணி எடுத்த எடுப்பில் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, சூடாகக் காபி போட்டு வைத்திருக்கிறேன் அக்கா என்றதும் புளிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

காபிகூடக் குடிக்காமல் அத்திம்பேர் கொல்லைப்புறம் போனார். குவார்ட்டர்ஸ் பின்புறம், துவைக்கும் கல், இடது பக்கம், சுவரின் ஈரமான பகுதி. எல்லாம் எழுதியிருந்தபடியே இருந்தது. சுவரில் ஏற்கெனவே ஏழெட்டு நத்தைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அத்திம்பேர் டப்பாவைத் திறந்து நாங்கள் கொண்டுவந்ததை எடுத்து வால்பாறையின் உள்ளங்கையில் வைத்தார். அது மெதுவாக உடம்பை நீட்டியது.

வால்பாறை உள்ளே போய் ஒரு லென்ஸை எடுத்து வந்தார். கையில் இருந்ததைப் பார்த்தார், சுவரில் இருந்ததைப் பார்த்தார். மறுபடியும் கையில் இருந்ததைப் பார்த்தார். சுவரில் இருந்தவை கறுப்பு உடம்பு. இது சாம்பலில் பால் கலந்த நிறம்.

"சார், வெறும் ஓடுனு நெனச்சுத்தானுங்க அனுப்பினேன். உடம்ப இப்பத்தான் பாக்கறேன். இந்தச் செவுத்துல இருக்கறது எதுவும் இப்படி இல்லீங்க" என்றார். துவைக்கும் கல்லின் பக்கம் கையைக் காட்டினார். "நீங்க பார்சல்ல வெச்சு அனுப்பற இலை, பாசி எல்லாம் இந்தக் கல்லுக்குப் பக்கத்துலதானுங்க கொட்டுவேன், செடிக்கு எருவாகட்டும்னு. அதுல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்போல. இது உங்க ஊருங்க."

எங்கள் காம்பவுண்டுச் சுவர் நத்தை. பாதாம் இலையோடு வால்பாறைக்குப் போய், அங்கே கொஞ்சநாள் இருந்து, வெயிலில் தூங்கிப்போய், வால்பாறை நத்தை என்று சீட்டு ஒட்டிக்கொண்டு செம்பூருக்கே பார்சலில் வந்து, கொலுவில் எழுந்து, இப்போது மூன்று பேர் துணையோடு மறுபடியும் வால்பாறைக்கு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதன் சொந்தபந்தங்களோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த மனிதருக்கு அதை அடையாளம் தெரியவில்லை. சீட்டில் வால்பாறை என்று இருந்ததால் அவர் கண்ணும் வால்பாறை என்றே பார்த்திருக்கிறது.

வால்பாறை வாயைப் பொத்திக்கொண்டார். இந்த ஓடு கிடைத்ததும் அத்திம்பேர் என்ன பதில் எழுதினார் என்பது அவருக்கு வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. எங்கள் காம்பவுண்டில் கிடைப்பதைப்போலவே இருந்தாலும், மலைக்காற்றின் மினுமினுப்பு இதில் தனியாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தாராம். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். வால்பாறையும் சிரித்தார்.

அத்திம்பேர் சிரிக்கவில்லை. துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஊர் தெரியாமலே அடித்துச் சொல்கிறவனிடம் ஒரு பழம்கூட வாங்கமாட்டேன் என்று நின்றவன், ஒவ்வொரு பார்சலிலும் ஊர் பேர் தெரியாமல் யாரை யாரையோ அனுப்பி வைத்திருக்கிறேனே என்றார். திண்டுக்கல்லுக்கும் இதே இலைதான் போனது, நாகர்கோவிலுக்கும் பொன்னேரிக்கும் இதே பாசிதான் போனது. அவர்கள் தோட்டத்தில் என்னவெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறதோ என்றார். பிறகு இரண்டு சூட்கேஸையும் வால்பாறையின் பக்கம் நகர்த்தினார்.

"இத நீங்களே வெச்சுக்கோங்கோ. இவ சொன்னதுக்காக இல்லை. எனக்கு இதுக்கு யோக்யதை இல்லை."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. தூறல் வலுத்தது. வால்பாறை அக்காவைப் பார்த்தார். நானும் அக்காவைத்தான் பார்த்தேன். அவள் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. இனி பெட்டியும் இல்லை, பார்சலும் இல்லை, கடிதமும் இல்லை. அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு சூட்கேஸ் பக்கம் போனாள். போய், இரண்டையும் மறுபடியும் அத்திம்பேரின் காலடிக்கே நகர்த்தினாள்.

"போறும், எழுந்திருங்கோ. நாலு பேராத்துக்கு நம்மாத்துலேருந்து என்னென்னமோ போயிருக்கு. யாராத்துல எது இருக்குனு இனிமே யார் எழுதிக் கேப்பா? நீங்கதானே கேக்கணும்? பெட்டியக் குடுத்துட்டு ஒளிஞ்சுண்டுட்டா ஆச்சா?"

அத்திம்பேர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். காதில் விழுந்தது சரிதானா என்று அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கவேண்டும். அக்கா அதற்குள் வால்பாறையின் கையிலிருந்து நத்தையைத் தன் விரலாலேயே எடுத்தாள். அதற்கு முன்னால் அவள் ஒரு காலி ஓட்டைக்கூடத் தொட்டதில்லை. அதை டப்பாவில் விட்டு, இலையைச் சரிசெய்து, மூடியை ஒருக்களித்து மூடினாள். காபி ஆறிவிடப் போகிறது என்று சொல்லிக்கொண்டே டப்பாவோடு உள்ளே போனாள். அத்திம்பேர் துவைக்கும் கல்லில் உட்கார்ந்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். முதலில் சத்தமே இல்லாமல், பிறகு தோள் குலுங்க. பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

திரும்பி வரும்போது டப்பா முழு வழியும் அக்காவின் மடியில்தான் இருந்தது. நான் கேட்டதற்கு, நீ தூங்கிவிடுவாய், தரமாட்டேன் என்றுவிட்டாள். ரயிலிலேயே அத்திம்பேர் மூன்று ஊருக்கும் கடிதம் எழுதி முடித்தார். உங்கள் தோட்டத்தில் சாம்பல் நிறத்தில் யாராவது தென்பட்டால் தயவுசெய்து தெரிவிக்கவும், நானே வந்து அழைத்துக்கொள்கிறேன் என்ற வரியை அக்கா சொல்லச் சொல்லத்தான் எழுதினார்.

செம்பூரில் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் சாமானை மாடிக்கு ஏற்றுவதற்கு முன்னால் நேரே காம்பவுண்டுச் சுவருக்குப் போனோம். மழை பெய்து விட்டிருந்தது. அக்கா குனிந்து அதைச் சுவரில் வைத்தாள். கொஞ்சநேரம் அப்படியே இருந்தது. பிறகு கொம்பை நீட்டி, வலதும் இடதும் பார்த்து, பாசிப் பக்கமாக நகர ஆரம்பித்தது. வேலைக்குப் புதிதாக வந்த வாட்ச்மேன் ஓடிவந்து, இவ்வளவு பேர் நின்று என்ன பார்க்கிறீர்கள், என்ன அது என்று கேட்டார். எங்காத்து நத்தைதான், ஊருக்குப் போய்விட்டு வந்திருக்கிறது என்று அக்கா தன் ஹிந்தியில் அவருக்குச் சொன்னாள்.